வெட்டாமல் பார்க்க ஏலாதா? மன்சூரின் ஐந்து படங்களும் கணினி மனிதனும்

என்னிடம் தமிழ் படித்த பிள்ளை ஒருத்தியின் வாப்பா, மூன்று வருடங்களுக்கு முன் வீதி விபத்தொன்றில் மவ்த்தானார். அஸருக்குப் பிறகு ஜனாஸாத் தொழுகை என்று பள்ளிவாசல் ஒலிபெருக்கியில் அறிவித்தும் விட்டார்கள். கபுறு வெட்டியாயிற்று. ஆனால் மையத்து வந்தபாடில்லை. விபத்து மரணம் என்றால் சட்டப்படி பிரேத பரிசோதனை நடக்க வேண்டும். வைத்தியர் வர வேண்டும், பொலிஸ் அறிக்கை வர வேண்டும். பிரேத அறைக்கு வெளியே வாங்கு ஒன்றில் நாங்கள் குந்தியிருந்தோம். மஃரிபுக்கும் பாங்கு சொல்லியாயிற்று.

அந்தப் பிள்ளை அப்போது உயர்தரத்தில் உயிரியல் படித்துக்கொண்டிருந்தாள். அழுது ஓய்ந்திருந்தவள் திடீரென்று என்னைப் பார்த்துக் கேட்டாள்:

"சேர், வெட்டாமப் பாக்க ஏலாதா? கொம்பியூட்டர்ல மனுசன்ட உள்ள எல்லாம் பாக்கலாம்தானே. எங்கட பயோ சேர் காட்டினாரே."

எனக்குப் பதில் தெரியவில்லை. "அது வேற மகள்" என்று மட்டும் சொன்னேன். உண்மையில் அது வேறா, வேறில்லையா என்பதே எனக்குத் தெரியாது. தமிழ் சிறப்புப் பட்டம் எடுத்தவனுக்கு உடற்கூற்றியலில் என்ன வேலை என்று இக்கட்டுரையைப் பார்ப்பவர்கள் கேட்கலாம். அன்று சொல்லத் தெரியாத பதிலைத் தேடிப் போனதுதான் வேலை. போன இடத்தில் எங்களது பழைய கிதாபுகளும், எங்களது தமிழும் எதிரே வந்து நின்றன என்பது நான் எதிர்பாராதது.

முதலில் பயோ சேர் காட்டியது என்ன என்று பார்த்துவிடுவோம். பிறகு அவரிடமே கேட்டு நானும் பார்த்தேன். திரையில் ஒரு மனித உடல் நிற்கிறது. விரலால் தள்ளினால் சுழல்கிறது. ஒரு பொத்தானை அழுத்தினால் தோல் மறைந்து தசை தெரிகிறது. இன்னொன்றை அழுத்தினால் தசையும் போய் எலும்பு. நரம்பு மட்டும் வேண்டுமென்றால் நரம்பு மட்டும். இரத்தக் குழாய் ஒன்றைத் தொட்டால் அதன் பெயர் ஒரு மூலையில் எழுதப்படுகிறது. முப்பரிமாண உடற்கூற்று அட்லஸ் என்று இதைச் சொல்கிறார்கள். தேசப்படத்துக்கு நாம் சொல்லும் அட்லஸ் என்ற சொல்தான். உடலைத் தேசமாகப் பாவித்து வரைந்த படத்தொகுதி.

தோல், தசை, எலும்பு என்று அடுக்கடுக்காகக் கழற்றிப் பார்க்கும் இந்த முறை கணினிக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. ஷீராஸ் நகரத்தில், 14ஆம் நூற்றாண்டின் கடைசிப் பகுதியில், மன்சூர் இப்னு இல்யாஸ் என்ற வைத்தியர் பாரசீக மொழியில் ஒரு நூல் எழுதினார். தைமூரின் பேரனான பீர் முஹம்மதுக்கு அதனை அர்ப்பணித்தார். 'தஷ்ரீஹே மன்சூரி' என்ற பெயரில் அது நிலைத்துவிட்டது. எலும்பு, நரம்பு, தசை, நாளம், நாடி என ஐந்து அத்தியாயங்கள். ஒவ்வொன்றுக்கும் பக்கம் நிறைந்த ஒரு மனித உருவம். எலும்புப் படத்தில் எலும்பு மட்டும், நாடிப் படத்தில் நாடி மட்டும். இறுதிப் பகுதியில் இதயம், மூளை போன்ற உறுப்புகளும், கரு உருவாகும் விதமும் வருகின்றன. கர்ப்பிணிப் பெண் ஒருத்தியின் படமும் பல பிரதிகளில் இருக்கிறது.

அந்த உருவங்கள் எங்கள் கண்ணுக்கு விசித்திரமானவை. குந்தியிருப்பதுபோலக் கால்களை மடக்கிக்கொண்டு நேரே பார்க்கின்றன. எலும்புக்கூட்டை மட்டும் முதுகுப் பக்கமிருந்து வரைந்திருக்கிறார்கள். தலை பின்னால் முழுதாக வளைந்து, வாய் பக்கத்தின் உச்சியில் இருக்கிறது. பின்புறத்தையும் முகத்தையும் ஒரே தாளில் காட்ட வேண்டும் என்ற அவதி. தட்டையான கடதாசியில் சுழற்ற முடியாதபடியால் கழுத்தை முறித்து வரைந்திருக்கிறான் மனிதன். இன்று விரல் நுனியால் நாம் செய்வதை.

பார்த்து வரைந்த படங்களா இவை? இல்லை. கலனும் ராஸியும் இப்னு ஸீனாவும் எழுதி வைத்ததன் மேல், கைமாறி வந்த பழைய உருவ மரபின் மேல் எழுந்தவை. கர்ப்பிணியின் படம் மாத்திரமே மன்சூர் புதிதாகச் சேர்த்ததாக இருக்கலாம் என்பது ஆய்வாளர் கருத்து.

இங்கே ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லாமல் போக என் தொழில் விடாது. அறபியில் உடற்கூற்றியலுக்கு 'தஷ்ரீஹ்' என்று பெயர். ஒரு நூலுக்கு விளக்கவுரை எழுதினால் அது 'ஷர்ஹ்'. நெஞ்சை விரிவாக்கியதைப் பேசும் 'அலம் நஷ்ரஹ்' சூராவை எங்கள் பிள்ளைகள் மக்தபிலேயே மனனம் செய்கிறார்கள். மூன்றும் ஒரே வேர்ச்சொல்லிலிருந்து வந்தவை. திறத்தல், விரித்தல், விளக்குதல். உடலைத் திறப்பதும் ஒரு வரியைத் திறப்பதும் அறபிக்கு ஒரே வேலைதான்.

இரண்டையும் சேர்த்துத் தன் நூலின் பெயராக்கியவர் இப்னு நபீஸ். டமஸ்கஸில் படித்து கெய்ரோவில் வைத்தியம் பார்த்து 1288இல் மவ்த்தானவர். 1242இல், முப்பது வயதுக்கும் முன், இப்னு ஸீனாவின் 'கானூன்' நூலிலுள்ள உடற்கூற்றுப் பகுதிகளுக்கு 'ஷர்ஹு தஷ்ரீஹில் கானூன்' என்ற உரையை எழுதினார். இதயத்தின் வலது இதயவறையிலிருந்து இடது இதயவறைக்கு நடுச்சுவரிலுள்ள துளைகள் வழியாக இரத்தம் செல்கிறது என்பது கலன் காலத்திலிருந்து வந்த பாடம். அப்படித் துளை இல்லை, இரத்தம் நுரையீரலுக்குப் போய் அங்கே காற்றுடன் கலந்துதான் இடப்பக்கம் வருகிறது என்று இவர் எழுதினார். ஐரோப்பாவில் ஸெர்வேட்டஸ் இதைச் சொன்னது 1553இல், ஹார்வி முழுச் சுற்றோட்டத்தையும் நிறுவியது 1628இல். இப்னு நபீஸின் பிரதி பெர்லின் நூலகத்தில் கிடந்ததை 1924இல் எடுத்துக் காட்டியவர் ஜெர்மனியில் ஆய்வு செய்துகொண்டிருந்த எகிப்திய வைத்தியர் முஹ்யித்தீன் அத்ததாவி.

எங்கள் மீலாத் மேடைகளில் இந்தக் கதை இத்தோடு முடிந்துவிடும். "நாங்கள்தான் முதலில் கண்டுபிடித்தோம்", கைதட்டல், தேநீர். அதே நூலின் தொடக்கத்தில் இப்னு நபீஸ் சொல்லும் இன்னொரு விடயத்தை யாரும் சொல்வதில்லை. உடலை வெட்டிப் பார்ப்பதிலிருந்து தன்னைத் தடுத்தவை இரண்டு என்கிறார்: ஒன்று ஷரீஅத், மற்றது தன்னிடமுள்ள இரக்கம். ஆகவே உறுப்புகளின் வடிவத்துக்கு முன்னோரையே நம்புவதாகவும், அவற்றின் தொழிலில் மட்டும் தன் சிந்தனைப்படி முடிவெடுப்பதாகவும் எழுதுகிறார். உண்மையிலேயே அவர் வெட்டிப் பார்க்கவில்லையா, பார்த்துவிட்டுத்தான் இப்படி எழுதினாரா என்று வரலாற்றாசிரியர்கள் இன்னும் வாதாடுகிறார்கள். எனக்கு அந்த வாதத்தைவிட அந்த 'இரக்கம்' என்ற சொல் முக்கியமாகப் படுகிறது. பிரேத அறை வாங்கில் இருந்த பிள்ளை கேட்டதும் அதைத்தான். வெட்டாமல் அறிய வழியுண்டா?

ஐரோப்பா அந்தக் கேள்வியைக் கேட்டு நிற்கவில்லை, வெட்டியது. வெஸாலியஸின் பெரும் படநூல் 1543இல் வந்தது. அவருக்கு உடல்கள் கிடைத்தது பெரும்பாலும் மரண தண்டனை மேடையிலிருந்து. இங்கிலாந்தில் 1752ஆம் ஆண்டுச் சட்டம் கொலைக் குற்றவாளியின் உடலை வெட்டிப் பார்க்கக் கொடுப்பதைத் தண்டனையின் ஒரு பாகமாகவே ஆக்கியது. 1832இல் வந்த சட்டம் அதை மாற்றி, உரிமை கோர ஆளில்லாத ஏழைகளின் உடல்களைக் கொடுத்தது. 1858இல் லண்டனில் வெளிவந்த கிரேயின் உடற்கூற்று நூல் இன்று வரை உலகமெல்லாம் படிக்கப்படுகிறது. கார்ட்டர் என்ற வைத்தியர் அதற்கு வரைந்த அழகான படங்களுக்குப் பின்னால் கிடப்பவர்கள் அப்படிப்பட்ட பெயரில்லாத ஏழைகளே. (கார்ட்டர் அதே வருடம் பம்பாய்க்கு வந்து கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் உடற்கூற்றியல் படிப்பித்தார். நூலில் கிரேயின் பெயர்தான் நின்றது.)

இந்த கிரே நூல் எங்கள் தமிழுக்கு வந்த கதையை இங்கே விரித்துச் சொல்லியே ஆக வேண்டும். அமெரிக்காவின் மஸாசூசெட்ஸ் மாநிலத்து வூஸ்டர் நகரத்தவரான சாமுவேல் பிஸ்க் கிறீன் 1847இல் யாழ்ப்பாணம் வந்தார். மிஷன் வைத்தியர். 1848இல் வைத்திய வகுப்பைத் தொடங்கினார். அது மானிப்பாயில் வேரூன்றியது. கொழும்பு வைத்தியக் கல்லூரி திறந்தது 1870இல். அதற்கு இருபத்திரண்டு வருடங்களுக்கு முன்னமே யாழ்ப்பாணத்தில் மேலைத்தேய வைத்தியக் கல்வி நடந்திருக்கிறது. ஆரம்பத்தில் ஆங்கிலத்தில் படிப்பித்தவர், 1860களில் முழுவதும் தமிழுக்கு மாறினார். ஆங்கிலத்தில் படித்தவர்கள் அரசாங்க உத்தியோகம் தேடிப் போய்விடுகிறார்கள், ஊரில் தங்குவதில்லை என்பது அவரது முறைப்பாடு. இன்றும் புதிதாகக் கேட்கிறது இந்த முறைப்பாடு.

தமிழில் படிப்பிக்க நூல் வேண்டுமே. மாணவர்களையும் தமிழறிஞர்களையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு தானே மொழிபெயர்க்கவும் திருத்தவும் தொடங்கினார். கட்டர் என்பவரின் நூல் 'அங்காதிபாதம், சுகரணவாதம், உற்பாலனம்' என்று 1850களிலேயே வந்தது. இரண வைத்தியம், பிரசவ வைத்தியம், 'கெமிஸ்தம்' என்று தொடர்ந்து வந்தன. 1872இல் 'மனுஷ அங்காதிபாதம்'. கிரேயின் நூலை அடிப்படையாகக் கொண்டது. லண்டனில் வெளிவந்து பதினான்கு வருடங்களில் தமிழில். சுகரணம் என்பது உடற்றொழிலியல், உற்பாலனம் என்பது சுகாதாரம். அங்காதிபாதம் என்ற சொல்லைக் கேட்கும்போதெல்லாம் பல்கலைக்கழகத்தில் படித்த கேசாதிபாதம், பாதாதிகேசம் என்ற இலக்கிய வகைகள் ஞாபகத்துக்கு வரும். முடியிலிருந்து அடி வரை உடலை வருணித்துப் பாடுவது. ஒரு வைத்திய நூலின் தலைப்பில் அந்த ஓசையைக் கேட்கும்போது, தமிழ் தெரிந்த யாரோ பக்கத்தில் இருந்திருக்கிறார்கள் என்று தோன்றுகிறது.

கிறீன் 1873இல் நாடு திரும்பி 1884இல் இறந்தார். அறுபதுக்கும் மேற்பட்ட வைத்தியர்களைப் பயிற்றுவித்தவர். அவரது கல்லறையில் தமிழர்களுக்கான மருத்துவ ஊழியர் என்று பொறித்திருக்கிறார்கள். மதம் மாற்றும் நோக்கமும் அவருக்கு இருந்தது. அதை மறைக்கத் தேவையில்லை. ஆனாலும் ஒரு மொழியில் உடலைப் பற்றிப் பேச முடியும் என்று காட்டியவர். இதே காரியம் 1827இல் எகிப்தில் அறபிக்கு நடந்தது. கெய்ரோவுக்கு அருகே அபூ ஸஅபலில் பிரெஞ்சுக்காரரான குளொட் பே வைத்தியக் கல்லூரி தொடங்கியபோது, பிரெஞ்சுப் பாடங்கள் அறபிக்கு மாற்றப்பட்டே படிப்பிக்கப்பட்டன. பிரேதத்தை வெட்டுவது பற்றிய சர்ச்சையும் அங்கே கூடவே எழுந்தது.

இனி கணினிக்கு வருவோம்.

அமெரிக்காவின் பெதஸ்டாவில் தேசிய மருத்துவ நூலகம் இருக்கிறது. மன்சூரின் நூலுடைய பழம்பிரதி ஒன்று, 1488இல் இஸ்பஹானில் எழுதப்பட்டது, அந்த நூலகத்தில்தான் பத்திரமாக உள்ளது. அதே நூலகம் 1980களின் பிற்பகுதியில் ஒரு புதிய திட்டத்தை யோசித்தது. நூலகமென்றால் புத்தகம் மாத்திரமா, ஒரு முழு மனித உடலையே இலக்கங்களாக மாற்றி வைத்தால் என்ன? வேலையைக் கொலராடோ பல்கலைக்கழகத்தின் விக்டர் ஸ்பிட்ஸர், டேவிட் விட்லொக் என்ற இருவர் குழு ஏற்றது. 'காணத்தகு மனிதன்' என்று அந்தத் திட்டத்தின் பெயரைத் தமிழாக்கலாம்.

உடல் எங்கிருந்து வந்தது? மறுபடியும் தண்டனை மேடையிலிருந்து. டெக்ஸாஸ் மாநிலத்தில் கொலைக் குற்றத்துக்காக 1993 ஓகஸ்ட் 5ஆம் திகதி விஷ ஊசி ஏற்றி மரண தண்டனை நிறைவேற்றப்பட்ட 39 வயது ஆண். சிறை மதகுருவின் தூண்டுதலில் தன் உடலை விஞ்ஞானத்துக்கென்று எழுதிக் கொடுத்திருந்தார். என்ன விஞ்ஞானம், எப்படிப்பட்ட விஞ்ஞானம் என்று அவருக்குத் தெரியாது. நூலகம் பெயரை வெளியிடவில்லை. பத்திரிகைகள் திகதியையும் வயதையும் வைத்துக் கண்டுபிடித்துவிட்டன. பெயர் எங்கும் கிடைக்கும், நான் இங்கே எழுதவில்லை.

நடந்ததைச் சொல்கிறேன். முதலில் முழு உடலையும் எம்.ஆர்.ஐ., சீ.ரீ. ஸ்கேன் எடுத்தார்கள். பிறகு நீல நிற ஜெலற்றினில் புதைத்து உறையவைத்தார்கள். நான்கு துண்டுகளாக அறுத்தார்கள். ஒவ்வொரு துண்டையும் இயந்திரத்தில் ஏற்றி, மேற்பரப்பிலிருந்து 1 மில்லிமீற்றரைச் சீவி எடுத்துவிட்டு, வெளிப்பட்ட புதுமுகத்தைப் படம் பிடித்தார்கள். மறுபடி 1 மில்லிமீற்றர், மறுபடி படம். தலையிலிருந்து பாதம் வரை இப்படி 1871 குறுக்குவெட்டுகள். சீவி எடுத்தது துண்டாக மிஞ்சவில்லை, மரத்தூள் மாதிரித் தூளாகப் போனது. உடல் கரையக் கரையப் படம் சேர்ந்தது. 1994 நவம்பரில் வெளியிட்டபோது அது 15 கிகாபைட். அக்காலத்தில் வீட்டுக் கணினிகளில் சில நூறு மெகாபைட்தான் கொள்ளளவு. அடுத்த வருடம் மெரிலன்ட் மாநிலத்தில் மாரடைப்பால் இறந்த 59 வயதுப் பெண்ணின் உடல். இம்முறை மூன்றிலொரு மில்லிமீற்றர் கனத்தில் 5189 வெட்டுகள், 40 கிகாபைட். அந்தப் பெண் யாரென்று இன்று வரை உலகுக்குத் தெரியாது. அவருக்கு அந்த மானம் மிஞ்சியது.

படங்களை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினால் உடல் திரும்ப எழுந்து நிற்கும். ஆனால் அது ஊமை உடல். கணினிக்கு நிறம்தான் தெரியும். இதயத்தின் சிவப்பும் பக்கத்துத் தசையின் சிவப்பும் அதற்கு ஒன்றே. எது எதன் எல்லை என்று உடற்கூறு தெரிந்த ஒருவர் இருந்து கோடு கீற வேண்டும். அதைச் செய்தவர்களில் முன்னோடிகள் ஜெர்மனியின் ஹம்பர்க் பல்கலைக்கழகத்தில் கார்ல் ஹைன்ஸ் ஹோனேயின் குழுவினர். 'வொக்ஸல்மேன்' என்று தங்கள் படைப்புக்குப் பெயர் வைத்தார்கள். வொக்ஸல் என்றால் கன வடிவப் புள்ளி. கடதாசிப் படத்துக்குப் புள்ளி எப்படியோ, கன உடலுக்கு வொக்ஸல் அப்படி. ஒவ்வொரு வொக்ஸலுக்கும், நீ ஈரலைச் சேர்ந்தவன், நீ மண்ணீரலைச் சேர்ந்தவன் என்று அடையாளம் குறித்தார்கள். 2000ஆம் ஆண்டு வெளிவந்த உள்ளுறுப்பு அட்லஸில் இப்படி 650க்கும் மேற்பட்ட பகுதிகள். மெல்லிய நரம்புகளும் சிறு குழாய்களும் வெட்டுமுகப் படத்தில் தெளிவாக விழவில்லை. அவற்றை வழித்தடம் பார்த்துக் குழாய் வடிவமாகக் கையால் கட்டினார்கள். மன்சூரும் நாடிகளை அப்படித்தான் இழுத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் செய்த இரண்டாவது வேலை எனக்கு இன்னும் பிடித்தது. உருவத்தோடு சொற்களின் வலையொன்றையும் பின்னினார்கள். இது எதன் பகுதி, எது இதற்கு இரத்தம் தருகிறது, எந்தத் தொகுதியில் சேர்ந்தது. 2000க்கும் மேற்பட்ட உறவுகள். இந்த வலை இருப்பதால்தான் திரையில் ஓர் இடத்தைத் தொட்டால் அது பதில் சொல்கிறது. உருவமும் உரையும். தஷ்ரீஹும் ஷர்ஹும்.

கொரியாவும் சீனாவும் தங்கள் மக்களின் உடலைக் கொண்டு தங்கள் அட்லஸ்களைச் செய்தன. கொரியரின் வெட்டு 0.2 மில்லிமீற்றர். கொலராடோவிலோ ஸ்பிட்ஸரிடம் 2000ஆம் ஆண்டில் சூசன் பொட்டர் என்ற எழுபது தாண்டிய பெண் தானாகவே வந்து, என்னை வெட்டுங்கள் என்று கேட்டார். என்ன செய்வார்கள் என்பதை விசாரித்து, தன்னை வைக்கப்போகும் குளிர் அறையையும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். ஒன்றிரண்டு வருடத்தில் போய்விடுவார் என்று எல்லோரும் நினைக்க, மனுசி பதினைந்து வருடம் இருந்து, வைத்தியபீட மாணவர்களோடு பழகி, சண்டையும் பிடித்து, 2015இல் 87 வயதில் இறந்தார். அவரது உடல் 27,000 வெட்டுகளானது. கைதியின் கையெழுத்துக்கும் இந்தப் பெண்ணின் கையெழுத்துக்கும் இடையே உள்ள தூரத்தை நான் பெரிதாக நினைக்கிறேன்.

திரையில் தொட்டால் பெயர் சொல்லும் என்றேன். எந்த மொழியில்? பயோ சேர் காட்டியதில் இலத்தீனும் ஆங்கிலமும் இன்னும் சில ஐரோப்பிய மொழிகளும் இருந்தன, தமிழ் இல்லை. யாரையும் குறை சொல்ல வரவில்லை. எங்கள் பக்கத்திலும் சிக்கல் உண்டு. இலங்கைப் பாடநூலில் நாடி, நாளம் என்பது தமிழ்நாட்டில் தமனி, சிரை. நாங்கள் சதையி என்பதை அவர்கள் கணையம் என்பார்கள். எங்கள் பிரிமென்றகடு அவர்களுக்கு உதரவிதானம். எதை எழுதுவது? நான் இரண்டையும் எழுதச் சொல்வேன். உறவு வலையில் ஒரே இடத்துக்கு இரண்டு பெயர் கட்டி வைப்பது கணினிக்குப் பெரிய காரியமல்ல. பதினான்கு வருடத்தில் கிரேயைத் தமிழுக்குக் கொண்டுவந்த நாட்டில், இந்தப் பெயர்ப்பட்டியலைச் செய்ய உயிரியல் ஆசிரியர் நாலு பேரும் தமிழாசிரியர் இரண்டு பேரும் ஒரு விடுமுறைக் காலமும் போதும். (இதை எங்கள் ஆசிரியர் அறையில் சொன்னபோது, விடுமுறையை விட்டுத் தர ஒருவரும் தயாரில்லை.)

இனி அந்தப் பிள்ளையின் கேள்விக்கு. "அது வேற" என்று நான் சொன்னது பாதிதான் சரி. அட்லஸ் என்பது ஏற்கெனவே வெட்டப்பட்ட ஓர் உடலின் படம். அவளது வாப்பாவுக்கு என்ன நடந்தது என்று அது சொல்லாது. ஆனால் ஸ்கேன் அடுக்குகளைக் கன உருவமாக எழுப்பிச் சுழற்றிப் பார்க்கும் அந்த வித்தை, வேறோர் உடலுக்கும் பொருந்தும். சுவிட்ஸர்லாந்தின் பேர்ன் நகரச் சட்ட வைத்தியர்கள் 1990களின் இறுதியில் இதைப் பிரேத பரிசோதனைக்குக் கொண்டுவந்தார்கள். இறந்தவரைச் சீ.ரீ. ஸ்கேனில் வைத்து, எலும்பு முறிவையும் உட்கசிந்த இரத்தத்தையும் உள்ளே தங்கிய உலோகத்தையும் வெட்டாமல் திரையில் தேடுவது. மலேசியாவில் உருவான நிறுவனமொன்று 2013இல் இங்கிலாந்தின் ஷெபீல்ட் நகரில் இதற்கென்றே நிலையம் திறந்தது. அங்குள்ள முஸ்லிம்களும் யூதர்களும் கட்டணம் செலுத்தியாவது இதையே கேட்டார்கள். 2015இல் லண்டனில் யூதக் குடும்பமொன்றின் வழக்கில், மத நம்பிக்கையின் பேரில் வெட்டு வேண்டாம் என்று கேட்பவர்களுக்கு ஸ்கேன் வழியை மரண விசாரணை அதிகாரி கருத்தில் எடுக்க வேண்டும் என்று உயர் நீதிமன்றம் சொன்னது. புதுடில்லியின் அகில இந்திய மருத்துவ விஞ்ஞானக் கழகத்திலும் 2021இல் இம்முறை ஆரம்பமானது. இனி இது வெளிநாட்டு விசித்திரம் அல்ல, பக்கத்து வீட்டுச் சங்கதி.

மாயம் என்று நினைக்கக் கூடாது. விஷமா என்று ஸ்கேன் சொல்லாது, ஊசியால் இரத்தம் எடுக்கத்தான் வேண்டும். இதய நாடியில் அடைப்பு இருந்தால், சாயமருந்து ஏற்றாத சாதாரண ஸ்கேனில் அது தப்பிவிடலாம். சில மரணங்களுக்கு வெட்டியே ஆக வேண்டும். வீதி விபத்தில் தலை அடிபட்டவருக்கு ஸ்கேனே பெரும்பாலும் போதும். எங்கள் நாட்டில் உயிரோடிருப்பவர்களே ஸ்கேனுக்கு நாள் எடுத்துக் காத்திருக்கிறார்கள், மையத்துக்கு எங்கே இயந்திரம் என்ற கேள்வி நியாயமானது. இரவில் ஓய்ந்திருக்கும் இயந்திரங்கள் உண்டா, குடும்பம் கட்டணம் கட்டினால் முடியுமா என்பவை அதற்கடுத்த கேள்விகள். அவற்றை நாங்கள் இன்னும் உரத்துக் கேட்கவில்லை.

மார்க்கத் தரப்பும் பலர் நினைப்பதுபோல் ஒரே வரியில் முடிவதில்லை. இறந்தவரின் எலும்பை முறிப்பது உயிருள்ளவரின் எலும்பை முறிப்பதற்கு ஒப்பாகும் என்ற கருத்துள்ள ஹதீஸ் அபூதாவூதிலும் இப்னு மாஜாவிலும் வருகிறது. அதையும் கவனத்திற்கொண்டுதான் 1987இல் மக்காவில் கூடிய ராபிதாவின் ஃபிக்ஹ் சபை, குற்ற விசாரணை, நோய் கண்டறிதல், வைத்தியக் கல்வி ஆகிய தேவைகளுக்காகப் பிரேத பரிசோதனையை நிபந்தனைகளோடு அனுமதித்தது. தேவையின் அளவுக்கு மிஞ்சக் கூடாது என்பது அதன் அடிநாதம். ஸ்கேனால் தேவை நிறைவேறும் இடத்தில் கத்தி எதற்கு என்று அந்த அளவுகோலை வைத்தே கேட்கலாம். வைத்தியத்தை எதிர்த்துக் கேட்பதல்ல இது. இன்னும் நல்ல வைத்தியத்தைக் கேட்பது.

2020 மார்ச் இறுதியிலிருந்து ஏறத்தாழ பதினொரு மாதம், கொரோனாவில் போன எங்கள் மையத்துகள் எரிக்கப்பட்டதை யாருக்கும் நான் ஞாபகப்படுத்த வேண்டியதில்லை. 2021 மார்ச்சில் ஓட்டமாவடியில் முதல் கபுறு திறந்தது. 2024 ஜூலையில் அமைச்சரவை மன்னிப்புக் கேட்டது. அந்த மாதங்களில் விஞ்ஞானம் என்ற பெயரில் சொல்லப்பட்டது விஞ்ஞானமே அல்ல என்று காட்ட எங்களுக்கு விஞ்ஞானமே தேவைப்பட்டது. நிலக்கீழ் நீர் பற்றியும் வைரஸ் பற்றியும் பேசத் தெரிந்தவர்களின் குரல்தான் அப்போது எடுபட்டது. வெறுமனே "எங்கள் மார்க்கம்" என்ற குரலை யாரும் காதில் வாங்கவில்லை. பிரேத அறை வாசலிலும் அப்படித்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். சீ.ரீ. ஸ்கேனில் எது தெரியும், எது தெரியாது என்று சொல்லக்கூடிய ஒருவர் எங்கள் ஜனாஸா நலன்புரிச் சங்கங்களில் இருந்தால், சட்ட வைத்திய அதிகாரியோடு பேசும் பேச்சே வேறாக இருக்கும்.

போன மாதம் அந்தப் பிள்ளை பாடசாலைக்கு விடுகைப் பத்திரம் எடுக்க வந்தாள். வைத்திய பீடத்துக்கு வெட்டுப்புள்ளி போதுமாக இருக்கிறது, கின்ஸி வீதியா வேறிடமா என்பது தெரியவில்லை என்றாள். காரியாலயத்தில் கையெழுத்துக்குக் காத்திருந்த நேரத்தில், அன்றைக்குச் சொல்லத் தெரியாததை இன்றைக்குச் சொல்கிறேன் என்று இவ்வளவையும் சுருக்கமாகச் சொன்னேன். மன்சூரின் கழுத்து முறிந்த எலும்புக்கூட்டுக்குச் சிரித்தாள். ஸ்கேன் பற்றிச் சொன்னபோது குறுக்கே இரண்டு கேள்வி கேட்டாள், ஒன்றுக்கு எனக்குப் பதில் தெரியாது. டெக்ஸாஸ் கைதியின் கதைக்கு வந்தபோது கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு கேட்டாள்:

"அந்த மனுசன யாராவது அடக்கினாங்களா சேர்?"

அடக்குவதற்கு என்ன மிஞ்சியிருந்தது என்பதை நான் அவளுக்குச் சொல்லவில்லை. அதற்குள் கிளார்க் அவளுடைய பெயரைக் கூப்பிட்டுவிட்டார்.